அறை பதினான்கு

அங்கே மாலை ஐந்து மணியாம்.
கொக்குவிலில் விடியப்புறம் இரண்டரை.
குசினி யன்னலடியில்தான் சிக்னல் நிற்கும்.
காஸ் சிலிண்டருக்கும் அரிசி வாளிக்கும் நடுவில்
பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டு
ஒரு காது மட்டும் வேலைசெய்யும் இயர்போனோடு
ஆசிரியர்களின் உலக மாநாட்டுக்குள் நுழைந்தேன்.

அனுமதி இலவசம்.
டேட்டா அதற்குள் அடங்காது.

எந்த ஊர் என்று கேட்டார்கள்.
லிமா, மொம்பாசா, திபிலீசி, செபு,
தலைகீழாய்ப் பெய்கிற மழைபோல
ஊர்கள் திரையில் மேலே மேலே போயின.
யாழ்ப்பாணம் என்று நானும் தட்டினேன்.
கண்ணிமைக்க முன்னம்
ஆரோ ஒரு போலந்துக்காரரின் வணக்கம்
அதையும் மேலே தள்ளிவிட்டது.

பேசியவ ஒரு மெலிந்த மனுசி.
அவவின் ஆங்கிலம் ஓடும்.
என்னுடையது
புறப்பட்ட பஸ்சின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு
கூடவே ஓடும்.
தொத்தி ஏறிய இடத்தில் கேட்டது இவ்வளவுதான்:
கேள்வி கேட்ட பிறகு
நாங்கள் ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லையாம்.
ஏழு நொடி பொறுத்துப் பாருங்கள்.

பிறகு எங்களைக் கலைத்து
நாலு நாலு பேராய் அறைகளில் போட்டார்கள்.
எனக்கு அறை பதினான்கு.
மொம்பாசா ஆசிரியையின் வகுப்பில் எழுபத்திரண்டு பிள்ளைகள்.
செபுக்காரரின் பள்ளிக் கூரையைப் புயல் கொண்டுபோய்விட்டது.
மற்றவரின் சதுரம் கறுப்பு; ஆள் தேத்தண்ணி போடப் போயிருக்கலாம்.
உங்களுக்கு என்ன கஷ்டம் என்று என்னைக் கேட்டார்கள்.
சொன்னேன்.
பத்தொன்பது வருசமாய் ஆருக்கும் சொல்லாததையெல்லாம்
பிழை இலக்கணத்தில் கொட்டினேன்.
மொம்பாசா தன் காதைத் தொட்டுக் காட்டினா.
என் ஒலிவாங்கி மூடிக் கிடந்தது.
திறக்கிற பொத்தானைத் தேடுகையில்
அறுபது நொடியில் அறை பூட்டப்படும் என்றது திரை.

*

ஆறேகால் பஸ்.
பண்ணைப் பாலத்தில் நித்திரை, வேலணையில் முழிப்பு,
புங்குடுதீவில் தலையிடி.
தரம் ஒன்பது, விஞ்ஞானம், இரண்டாம் பாடம்.
"இரும்பு ஆணி தாழுது. இரும்புக் கப்பல் மிதக்குது. ஏன்?"

ஒன்று.
வழமையாய் இந்த இடத்தில்
விடையின் பாதியை நான் எழுதி முடித்திருப்பேன்.
இரண்டு.
வெண்கட்டி விரலுக்குள் அரித்தது.
மூன்று.
குறிகாட்டுவான் பக்கம் ஒரு படகு ஹோர்ன் அடித்தது.
நான்கில் முன்வாங்கு கொப்பியைப் புரட்டியது.
ஐந்தில் ஒருத்தன் எழும்பினான்:
"ரீச்சர், சுகமில்லையோ? தண்ணி கொண்டு வரட்டோ?"

சிரிப்பு அடங்கியபோது எண்ணிக்கை தவறிவிட்டது.
அதற்குள் ஏழு எப்போதோ போயிருக்கும்.
இடாப்புக் கூப்பிடும்போது தவிர
இந்த வருசம் வாய் திறக்காத கம்சிகா
யன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:
"கப்பலுக்குள்ள ஆக்கள் இருக்கினம், ரீச்சர்.
தாழ விடமாட்டினம்."

பிழை.
அடர்த்தி இல்லை, மேலுதைப்பு இல்லை.
புள்ளித் திட்டத்தில் அரைப் புள்ளிக்கும் வழியில்லை.
சரியான விடையை விளங்கப்படுத்தினேன்,
சம்பளம் அதற்குத்தானே.
ஆனால் பலகையின் இடது மூலையில்
அவளுடைய வசனத்தையும் எழுதி,
மணி அடித்தபோது
அழிக்காமல் வந்துவிட்டேன்.

*

சான்றிதழ் வந்தது.
பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
வளைந்த பொன்னெழுத்தில்
என் போனின் மொடல் இலக்கம்.
வலயப் பணிமனை உத்தியோகத்தர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது ஆர், ரீச்சர்?"
பிறகு, சுற்றறிக்கை ஒன்றும் வரேல்லை என்று
கோவையைத் திரும்ப நீட்டினார்.

மொம்பாசாவுக்குச் சொல்லவேண்டும் போல் இருந்தது.
பெயரைக் குறித்து வைக்கவில்லை.
கருத்துப் படிவம் மட்டும் இன்னும் திறந்து கிடந்தது.
ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை?
ஒலிவாங்கிக்கு ஒன்று, நித்திரைக்கு ஒன்று கழித்து
மூன்று போட்டேன்.
வேறு ஏதும் சொல்ல விரும்பினால் என்ற பெட்டிக்குள்
தமிழிலேயே எழுதினேன்:
கப்பலுக்குள்ள ஆக்கள் இருக்கினம்.